முடியாமல் போன உலகத்துக்கு இரண்டு நாள் கடையடைப்பு

அனுப்புநர்:
உரிமையாளர்,
வெண்முகில் சலவை நிலையம்,
சபை மண்டபத்தின் கீழ்த்தளம்,
மருத்துவமனைத் தெரு.
(தெருமுனையில் “சலவைக்கடை அக்கா” என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: உலகம் முடியும் என்று அறிவிக்கப்பட்டு முடியாமல் போன நாளின் நினைவாக எங்கள் தெருவுக்கு இரண்டு நாள் கட்டாயக் கடையடைப்பு விதித்தது – அதே தெருவை அதே வேளையில் அமைதிப் பகுதியாகவும் ஊர்வலப் பாதையாகவும் அறிவித்தது – இரண்டு உத்தரவுகளையும் விலக்கிக்கொள்ளக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1) தங்கள் அலுவலகத்தின் அமைதிப் பகுதி உத்தரவு. 2) அதே மேசையிலிருந்து அதே நாளில் வெளிவந்த ஊர்வல அனுமதி உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் நான் பல வருடங்களாகச் சலவை நிலையம் நடத்தி வருகிறேன். துவைப்பதை நானும் இயந்திரங்களும் பார்த்துக்கொள்கிறோம். இஸ்திரி என் கணவர் பொறுப்பு. தெருவாசிகளின் துணிகளோடு, எதிர்வரிசையில் உள்ள மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளும் அறுவை அரங்கத் துணிகளும் என்னிடம்தான் வருகின்றன. சட்டை ஒரு நாள் தாமதமானால் வாடிக்கையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். விரிப்பு தாமதமானால் நோயாளியை எதன்மேல் படுக்க வைப்பது என்ற கேள்வி வந்துவிடும். இதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

2. நான் எந்த நம்பிக்கைக்கும் எதிரியல்ல. இந்த மனுவில் வரும் இரு தரப்பினரும் என் வாடிக்கையாளர்கள். யார் சட்டைக் காலர் எவ்வளவு அழுக்காகும் என்பது வரை அறிவேன், ஆனால் அதை வைத்து யாரையும் எடைபோட்டதில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காத்திருப்போர் சபையை ஆரம்பித்தவர் என் உடன்பிறந்த அண்ணன். எனவே நான் சொல்வதைச் சற்றுத் தள்ளுபடியோடு எடுத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

3. அண்ணன் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை மழையண்ணன் என்பார்கள். மழை வரும் என்று அவர் சொன்ன நாள்களில் பெரும்பாலும் வெயில் அடித்ததால் வந்த பெயர் அது. அதற்காக அவர் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு வேதப் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தார். பழைய வானிலைக் குறிப்புகளையும் வேத எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் காலை காப்பி குடிக்கும்போது, உலகம் இந்த வருடத்தோடு முடிகிறது என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி, அப்படியானால் சமையலறைக்கு வெள்ளையடிக்க வேண்டாமா என்று கேட்டாராம். வேண்டாம் என்றாராம் அண்ணன். அந்தச் சுவர் இன்றும் அதே நிறத்தில் இருக்கிறது.

4. சும்மா சொல்லக் கூடாது, அண்ணனுக்குப் பேச்சு நன்றாக வரும். என் கடைக்கு மேலே காலியாகக் கிடந்த மண்டபத்தில் மாலை நேரங்களில் பேச ஆரம்பித்தார். முதலில் நாற்காலிகள் மீதமிருந்தன. பிறகு நாற்காலிகள் போதாமல் என் கடையிலிருந்து துணிக்கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். அவர் யாரிடமும் காணிக்கை வாங்கவில்லை, யாரையும் வீட்டை விற்கச் சொல்லவும் இல்லை. சண்டைகளை முடித்துக்கொள்ளுங்கள், அம்மா அப்பாவைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொன்னார். இதனால் தெருவில் சில நல்ல காரியங்கள் நடந்தன என்பதையும் பதிவு செய்கிறேன். முதலில் சொன்ன நாள் வந்தது, போனது. கூட்டலில் பிழை என்று அண்ணன் அடுத்த வருடத்துக்கு மாற்றினார். பரீட்சை தள்ளிப்போன பிள்ளைகளைப் போலச் சபையார் கொஞ்சம் மகிழ்ச்சியோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.

5. சபையில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் பல் மருத்துவர். இன்னொருவர் காப்பீட்டு முகவர். முகவர் மாலையில் உலகம் முடியப்போகிறது என்று கண் கலங்குவார், மறுநாள் காலையில் இருபது வருடப் பாலிசி விற்கப் போவார். கேட்டால் அது தொழில், இது நம்பிக்கை என்பார். பல் மருத்துவரோ தொழிலிலும் நம்பிக்கையை விடாதவர். என் கணவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி முகம் வீங்கிப் போனபோது, இன்னும் கொஞ்ச காலம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கிராம்பு கொடுத்து அனுப்பிவிட்டார். என் கணவரும் உலகம் முடியும் நாளை வேறு யாரையும்விட ஆவலோடு எதிர்பார்த்தார். நாள் தள்ளிப்போனதும் வேறு தெருவுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் எந்தச் சபைக்கும் போவதில்லை.

6. இரண்டாவது தடவை ஏற்பாடு பெரிதாக இருந்தது. கடைசி மாலையில் எல்லோரும் வெள்ளை உடுத்தி மொட்டைமாடியில் கூடிக் காத்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அத்தனை வெள்ளையும் என் கடைக்கு வந்தது. ஊரில் இவ்வளவு பழுப்பு வெள்ளை இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரியும். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் கொடுத்தோம். உடுத்திக்கொண்டு அவர்கள் மாடியேறினார்கள். நான் நம்பாதவள்தான், ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு நானும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். பொழுது சாய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மழை வரும் என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சபையார் கலையாமல் நின்றார்கள். விடிந்ததும் பால் வண்டி வந்தது. எல்லோரும் சொட்டச் சொட்ட இறங்கி வந்து, அதே வெள்ளைகளை என் கடையிலேயே போட்டுவிட்டு வீடு போனார்கள்.

7. அன்று காலை நடந்ததிலிருந்துதான் தங்கள் அலுவலகம் வரை வந்திருக்கும் இந்த வழக்கு ஆரம்பமாகிறது. படிக்கட்டில் நின்று அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை இது: “நான் தப்பாச் சொல்லிட்டேன். உங்க எல்லாரையும் நனைய வெச்சுட்டேன். மன்னிச்சிடுங்க.” இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும் என்று தெரியவில்லை. ஆனால் சபையார் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. ஒருவர் அழுதார், இருவர் தும்மினார்கள். பின்வரிசையில் நின்ற என் அண்ணிக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. கேலிச் சிரிப்பு அல்ல. முந்தின மாலை எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டவர், மறுநாள் பால்காரரைப் பார்த்ததும் தாங்க முடியாமல் சிரித்திருக்கிறார். அண்ணன் அதைத் தம்மைப் பார்த்துச் சிரித்ததாக எடுத்துக்கொண்டார்.

8. சபை இரண்டாகப் பிரிந்தது. காப்பீட்டு முகவரும் சேர்ந்த அண்ணன் தரப்பு சொன்னது: காத்திருந்த அந்த நாளை வருடந்தோறும் வாய்பேசாமல், உண்ணாமல், கதவடைத்துக் கழிக்க வேண்டும். தவறான கணக்குக்கு அதுவே பரிகாரம். மௌனம் மறுநாள் நண்பகல் வரை நீடிக்க வேண்டும். பல் மருத்துவர் தரப்பு சொன்னது: கணக்கு தவறே இல்லை. பழைய உலகம் முடிந்துவிட்டது, இது புதிதாகக் கொடுக்கப்பட்ட உலகம். எனவே மறுநாள் சூரியன் உதித்த நேரத்திலிருந்து பாட்டும் மேளமுமாகக் கொண்டாட வேண்டும். ஆக, ஒருவரின் மௌனம் முடிவதற்குள் இன்னொருவரின் மேளம் ஆரம்பித்துவிடும். அந்தக் காலைப் பொழுதுதான் ஐயா சிக்கல். மற்ற நாள்களில் இரு தரப்பும் ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள்.

9. என் அண்ணி கொண்டாடுகிற பக்கம் போனார். பல் மருத்துவரின் விளக்கத்தில் அவருக்கு ஈடுபாடு இல்லை. புது உலகமாவது பழைய உலகமாவது, உயிரோடு இருக்கிறோம், அதற்குப் பாடுகிறேன் என்பது அவர் வாதம். அவருக்குக் குரலும் உண்டு. அண்ணனுக்கு இது பெரிய அடி. வீட்டில் முதலில் பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. ஒரு நாள் அண்ணன் தலையணையோடு என் கடைக்கு வந்து சேர்ந்தார். பின்னறையில் பழைய இஸ்திரி மேசைமேல் மெத்தை விரித்துக் கொடுத்தேன். சில நாளில் போய்விடுவார் என்று நினைத்தோம். மாதங்கள் ஓடின. மைத்துனர் எழும் வரை காத்திருந்துதான் என் கணவரால் இஸ்திரி போட ஆரம்பிக்க முடியும். அண்ணனின் உடுப்புகளை அண்ணி கூடையில் போட்டு அனுப்புவார். அவற்றில் பொத்தான் அறுந்திருந்தால் தைத்துத்தான் அனுப்புவார். யார் தைத்தது என்று அண்ணன் கேட்க மாட்டார். தைத்ததாக அண்ணியும் சொல்ல மாட்டார். நடுவில் நான் எதுவும் தெரியாதவள் போல நிற்பேன்.

10. போன வருடம் முதலாம் ஆண்டு நிறைவு வந்தது. முதல் நாள் மௌனம் ஒழுங்காக நடந்தது. கடைகளின் அழைப்பு மணிகளில் பஞ்சு சுற்றினார்கள். என் இயந்திரங்கள் சத்தம் போடுகின்றன என்று முகவர் எழுதிக் காட்டினார். நானும் மரியாதைக்காக ஒன்றை மட்டும் ஓட்டினேன். மறுநாள் விடிந்ததும் மேளம் வந்தது. ஒலிபெருக்கிக்கான மின்சாரத்தை மண்டபத்திலிருந்து இழுத்திருந்தார்கள். மண்டபத்துக்கும் என் கடைக்கும் ஒரே மின்பெட்டி. மௌனத் தரப்பைச் சேர்ந்த ஒருவர், வாய் திறந்து சண்டை போட முடியாத கோபத்தில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். பாட்டு நின்றது. என் இயந்திரமும் நின்றது. உள்ளே மருத்துவமனை விரிப்புகள் சோப்பு நுரையோடு ஊறிக்கொண்டிருந்தன. வெளியே தள்ளுமுள்ளு. முகவர் தரப்பு கையால் சைகை காட்டித் திட்டியது. மருத்துவர் தரப்பு வாயால் திட்டியது. ஒரு மேளம் கிழிந்தது, இரண்டு மூக்குக்கண்ணாடிகள் உடைந்தன. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணின் வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட, அவரைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனார்கள். நல்லவேளையாகத் தாயும் பிள்ளையும் நலம். ஆனால் நல்லவேளையை நம்பி ஒவ்வொரு வருடமும் தெருவை நடத்த முடியாது என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

11. அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து விரிப்பு கேட்டு ஆள் மேல் ஆள் வந்தார்கள். நானும் கணவரும் இயந்திரத்தின் கதவைத் திறந்து, நனைந்த விரிப்புகளைத் தொட்டியில் போட்டு அலசிக்கொண்டிருந்தோம். ஊர்வலத்திலிருந்து அண்ணி உள்ளே வந்தார். வந்தவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு விரிப்பின் முனையைப் பிடித்தார். பின்னறையிலிருந்து அண்ணன் வந்து மறு முனையைப் பிடித்தார். இவர் வலப்பக்கம், அவர் இடப்பக்கம் முறுக்க, தண்ணீர் கொட்டியது. வீட்டில் எத்தனையோ வருடம் சேர்ந்து பிழிந்த கைகள், சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எல்லா விரிப்பும் தீர்ந்த பிறகு அண்ணி, “நல்லாப் புழிஞ்சீங்க” என்றார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். நண்பகல் ஆகவில்லை, அவர் பேசக் கூடாது. அண்ணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு ஊர்வலத்துக்கே போய்விட்டார். மணி அடித்து மௌனம் முடிந்ததும் அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு, “அப்பவே பேசியிருக்கலாம்மா” என்பதுதான்.

12. இதற்குப் பிறகு இரு தரப்பும் தங்கள் அலுவலகத்தை அணுகின. ஒரு தரப்பு தெருவை இரண்டு நாளும் அமைதிப் பகுதியாக்கக் கேட்டது. இன்னொரு தரப்பு இரண்டு நாளும் ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டது. தங்கள் அலுவலகம் இரண்டையும் அப்படியே கொடுத்துவிட்டது. எனவே வரும் மாதம் அந்த இரண்டு நாளும் எங்கள் தெருவில் சத்தம் போட்டால் அபராதம், சத்தம் போடுவதற்குக் காவல்துறைப் பாதுகாப்பு. இரண்டு உத்தரவிலும் ஒத்துப்போவது ஒன்றே ஒன்று: கடைகள் அடைக்கப்பட வேண்டும், வண்டிகள் நுழையக் கூடாது. இதைக் கேட்க நான் நேரில் வந்தபோது, மூன்றாவது மேசையில் இருந்த எழுத்தர் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகப் பதில் சொன்னார்: “ரெண்டு பேரும் கேட்டாங்கம்மா, ரெண்டு பேருக்கும் குடுத்துட்டோம். யார் மனசும் புண்படக் கூடாதில்லையா?” அவர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. நல்ல மனிதர். ஆனால் உத்தரவைப் படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டதற்குத் தனித்தனியாகப் படித்ததாகச் சொன்னார்.

13. ஐயா, இதுவரை எழுதியது தொழில் சம்பந்தப்பட்டது. இனி எழுதுவது குடும்ப விஷயம். மனுவில் இதெல்லாம் எதற்கு என்று நான் தயங்கினேன். எழுதச் சொன்னவர் அண்ணிதான்.

14. சென்ற மாதம் ஒரு முற்பகலில் அண்ணன் என் கடையில் துணிக்கூடையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே மருத்துவமனை என்பதால் என் கணவரும் நானும் துணி தள்ளும் வண்டியிலேயே அவரை உட்கார வைத்துத் தெருவைக் கடந்து கொண்டுபோனோம். யார் சொன்னார்களோ தெரியாது, அண்ணி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். இதயத்தில் அடைப்பு, அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார்கள். வலி எப்போதிலிருந்து இருக்கிறது என்று பெரிய டாக்டர் கேட்டார். அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் வெளியே போனதும் அண்ணியிடம் பேசினார். அவர்கள் நேருக்கு நேர் பேசி அத்தனை மாதம் ஆகியிருந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“ஓய்வு பெத்த வருஷத்துலேருந்தே வலி இருக்கு. நான் மட்டும் போயிட்டா நீ தனியா என்ன பண்ணுவியோன்னு நெனைச்சாலே பயமா இருக்கும். எல்லாரும் ஒரே நாள்ல ஒண்ணாப் போயிட்டா அந்தக் கவலை இல்லையே. கணக்கு எப்படிப் போட்டாலும் அங்கேயே வந்து நின்னுச்சு. வேணும்னு பண்ணல.”

அண்ணி வெகுநேரம் அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “இதை எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே. ஊரையே மொட்டைமாடிக்கு ஏத்தணுமா?”

அண்ணன் சிரித்தார். சிரித்தால் நெஞ்சு வலிக்கிறது என்றார். செவிலியர் வந்து எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அண்ணி மட்டும் போகவில்லை.

15. அண்ணன் இப்போது தம் வீட்டில் இருக்கிறார். தலையணையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருவரும் எந்தத் தரப்பையும் விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். மௌனம்தான் சரி என்று அண்ணன் சொல்கிறார், பாட்டுதான் சரி என்று அண்ணி சொல்கிறார். ஆனால் இதை இருவரும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறார்கள். அவர் வாய் பேசாமல் இருக்கட்டும், நான் அடுப்படியில் பாடுகிறேன், இதற்கு நகராட்சி எதற்கு என்பது அண்ணியின் கருத்து. அண்ணனுக்கும் மறுப்பில்லை.

16. இனி சங்கடத்துக்கு வருகிறேன். அறுவை சிகிச்சை நிபுணர் வெளியூரிலிருந்து வருபவர். அவர் ஒதுக்கிக் கொடுத்திருக்கும் தேதி, தங்கள் உத்தரவில் உள்ள இரண்டாம் நாள் காலை. நாங்கள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தோம். அவருக்கு வேறு நாள் இல்லை, அண்ணனின் இதயத்துக்கு அதற்குமேல் காத்திருக்க நேரம் இல்லை. அன்று அறுவை அரங்கத்துக்கு வேண்டிய துணி என் கடையிலிருந்து போக வேண்டும், என் கடை அடைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. இரத்தம் கொண்டுவரும் வண்டி தெருவுக்குள் வர வேண்டும், வண்டி வரக் கூடாது என்பது உத்தரவு. மின்சாரம் நின்றால் ஓட்ட மருத்துவமனை ஒரு மின்னாக்கி வைத்திருக்கிறது, ஆனால் அது எப்போது நிற்கும் என்று அதை வைத்திருப்பவர்களுக்கே தெரியாது. என் கடைக்கு அதுவும் கிடையாது.

17. இரு தரப்பையும் நான் நேரில் பார்த்துப் பேசினேன். அறுவை சிகிச்சை யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. பல் மருத்துவர் என்னை நோயாளி நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். முகவர் விட்டுக்கொடுத்தால் தாமும் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். முகவர் பிஸ்கட் கொடுத்து உபசரித்தார். பல் மருத்துவர் முதலில் விட்டுக்கொடுக்கட்டும் என்றார். இருவரும் கெட்டவர்கள் அல்ல. பிரசவத்துக்கு வந்த அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு இருவரும் தனித்தனியே தொட்டில் வாங்கிக் கொடுத்தவர்கள். முதலில் குனிவது யார் என்பதுதான் அவர்கள் பிரச்சினை. தங்கள் உத்தரவு வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்துகொள்ளலாம், யாருக்கும் அவமானமில்லை. சொல்லப்போனால், முகவர் என்னை வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று ஒரு மாதிரி ஆசையோடுதான் சொன்னார்.

18. முக்கியமான ஒரு வேண்டுகோள். சபையை ஆரம்பித்தவருக்கு அந்த நாளில்தான் அறுவை சிகிச்சை என்பதை இரு தரப்புக்கும் தெரிவிக்க வேண்டாம். தெரிந்தால் அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிடுவார்கள். மருத்துவமனை வாசலில் ஒரு கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டும் இன்னொரு கூட்டம் மேளத்தோடும் நிற்கும். அண்ணன் பிழைத்தால் ஒரு விடுமுறை, பிழைக்காவிட்டால் இன்னொரு விடுமுறை என்று அடுத்த வருடம் தங்கள் மேசைக்குத்தான் வருவார்கள். அண்ணனே இதைச் சொல்லிக் கவலைப்பட்டார். தம்மைப் பற்றி யாரும் இனி எதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்பது அவர் விருப்பம். டாக்டரிடம்கூட, பிழைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கேட்கப் போன என்னைத் தடுத்துவிட்டார்.

19. எனவே நான் பணிவுடன் கோருவது:

(அ) பார்வையில் கண்ட இரு உத்தரவுகளையும் ஒருசேர விலக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் விலக்கினால் மற்றவர் வென்றதாக ஆகி, வெற்றி ஊர்வலம் வந்துவிடும்.

(ஆ) மௌனம் காப்பவர் தம் வீட்டில் காக்கவும், பாடுகிறவர் தம் வீட்டில் பாடவும் தடையில்லை என்று ஒரு வரி சேர்த்தால் இரு தரப்பும் திருப்தியடையும். அதற்கு அனுமதி தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நகராட்சி முத்திரையோடு ஒரு தாள் கையில் இருந்தால் அவர்களுக்கு ஒரு நிம்மதி.

(இ) மண்டபத்துக்கும் என் கடைக்கும் தனித்தனி மின்பெட்டி வைக்க மின்வாரியத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

(ஈ) அன்று காலை தெருவின் குப்பை வண்டி வழக்கமான நேரத்துக்கு வர வேண்டும். பால் வண்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

20. கடைசிக் கோரிக்கை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் அண்ணிதான். அறுவை அரங்கத்துக்கு வெளியே உட்கார ஒரு பலகையும் ஒரு சன்னலும் இருக்கின்றன. அண்ணி அந்தப் பலகையில்தான் உட்கார்ந்திருப்பார். சன்னல் தெருவைப் பார்த்தது. எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தெருவில் டீக்கடை திறந்திருக்க வேண்டும், யாராவது யாரோடாவது பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டும், பள்ளிக்கூட வண்டி ஹாரன் அடிக்க வேண்டும். பெரிய நாள் எதுவும் வேண்டாம் ஐயா. அந்த இரண்டாம் நாளை ஒரு சாதாரண வேலைநாளாக ஆக்கித் தர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்துக் கடையைத் திறந்து வைத்திருக்கும்,

(ஒப்பம்)
உரிமையாளர்,
வெண்முகில் சலவை நிலையம்.

இடம்: மருத்துவமனைத் தெரு.
நாள்: மேற்படி தேதிக்கு முந்தின மாதம், முதல் திங்கட்கிழமை, கடை திறந்தவுடன்.

மனுவில் உள்ளவை உண்மை என்று அறிந்து ஒப்பமிடுவோர்:

(ஒப்பம்) மனுதாரரின் அண்ணன், வானிலை அலுவலகம் (ஓய்வு).

(ஒப்பம்) மனுதாரரின் அண்ணி. பத்தி 15-இல் அடுப்படியில் பாடுவேன் என்று எழுதியிருப்பது சரிதான். ஆனால் இந்த வருடம் மட்டும், அவர் கண் விழித்த பிறகுதான் பாடுவேன்.